பாம்புக்கு முப்பது, அம்மாவுக்கு இருபது

அநியாயம் நடந்தது இரண்டு பேருக்கு. ஒருவர் என் அம்மா யாங் மிஹ்வா, வயது ஐம்பத்து மூன்று. இன்னொருவர் என் பாம்பு கொகுமா, வயது இரண்டு. அநியாயம் செய்தவர் ஒரே ஆள்தான். என் அப்பா தோ கிவான். செய்த விதமும் ஒன்றுதான். இந்த இரண்டு பேருக்கும் எவ்வளவு சூடு வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார், அவர்களைக் கேட்காமல்.

இதை நடுநிலையோடு எழுதும் எண்ணம் எனக்கில்லை. நடுநிலை என்பது குளிராதவர்கள் வைத்துக்கொள்ளும் சௌகரியம்.

அப்பாவின் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் அவரே சொல்வார். சொங்ஜு நகரத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் இயந்திர அறையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறார். ஆயிரத்து இருநூற்று நாற்பது வீட்டுத் தரைக்கடியில் ஓடும் வெந்நீருக்கு அவர்தான் எஜமான். அவர் ஒரு சக்கரத்தைத் திருப்பினால் ஐயாயிரம் பாதங்கள் வெதுவெதுப்பாகும். எங்கள் வீட்டிலிருக்கும் ஆறு பாதங்கள் மட்டும் அந்தக் கணக்கில் வராது. நாங்கள் இருப்பது வேறு குடியிருப்பு. இங்கே வீட்டுக்கு வீடு தனி பாய்லர்.

அந்த பாய்லரை ஆட்டிவைக்கும் பெட்டி சமையலறைச் சுவரில் இருக்கிறது. பழைய காலத்துப் பெட்டி, நடுவில் ஒரு வட்டமான திருகி, சுற்றிலும் எண்கள். சிவப்பு விளக்கு ஒன்று இருந்தது, செத்துப் போய் ஆறேழு வருஷம் ஆகிறது. மாற்றச் சொன்னால், விளக்கு எதற்கு, கை இருக்கிறதே என்பார். திருகி எப்போதும் இருபதில் நிற்கும். இருபதுதான் மனிதனுக்கான எண் என்பது அப்பாவின் கொள்கை. அதற்குமேல் போனால் மூளை கூழாகிவிடுமாம். கம்பளி உள்ளாடை, அதற்கு மேல் பஞ்சு வைத்த அரைக்கை மேலங்கி, இதுதான் டிசம்பர் முதல் மார்ச் வரை எங்கள் வீட்டுச் சீருடை. அம்மாவுக்கு அதோடு இரண்டு ஜோடி காலுறை.

இதில் இன்னொரு விஷயம் உண்டு. அப்பா கட்டிலில் படுக்கிறவர். அம்மாவுக்குக் கட்டில் ஒத்துக்கொள்ளாது, முதுகு பிடித்துக்கொள்ளும். தரையில் மெத்தை விரித்துத்தான் படுப்பாள். அதாவது தரை எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானித்தவர் தரையில் படுக்காதவர். உலக வரலாற்றில் பல அரசாங்கங்கள் இதே முறையில்தான் நடந்திருக்கின்றன.

கொகுமா எங்கள் வீட்டுக்கு வந்தது அக்டோபரில். படிப்பு முடிந்து ராணுவத்துக்குப் போன ஒரு சீனியர் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். சோளப் பாம்பு, விஷம் கிடையாது, என் கை நீளம். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் நிறம் என்பதால் அந்தக் கிழங்கின் பெயரே, கொகுமா. அம்மா மறுக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன், சாப்பிடும்போது பார்க்க மாட்டேன், பெட்டி மூடியைத் தொட மாட்டேன் என்று மூன்று நிபந்தனைகள் போட்டாள். அவளைப் பொறுத்தவரை அது வெறும் “அது”.

அப்பா முதல் நாளே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆய்வுக்கு வந்துவிட்டார். கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி ஒரு வலம் வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். அங்கே, கண்ணாடிக்கு வெளிப்புறம், பெட்டியின் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் ஒரு மெல்லிய சூட்டுப் பாய் ஒட்டியிருந்தது.

“முழுசுக்கும் போடாம ஏன் ஒரு ஓரத்துல மட்டும் போட்டிருக்கே? பாய் பத்தலயா?”

பத்தாமல் இல்லை, வேண்டுமென்றேதான் என்று விளக்கினேன். பாம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. ஜீரணிக்க வேண்டுமென்றால் சூடான பக்கம் போகும், போதும் என்றால் குளிர்ந்த பக்கம் போகும். ஒரு பக்கம் முப்பது, மறுபக்கம் இருபத்து நாலு. இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பொந்து. எங்கே இருக்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்யும்.

அப்பாவின் முகம் மாறியது. சூடு வாங்குகிறவரே அளவை முடிவு செய்வது அவருடைய துறையில் கேள்விப்படாத சங்கதி.

பிறகு தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார். உள்ளங்கை அகலப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்பு சென்சார். அதைப் பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒட்டி வைத்திருந்தேன். சூடு முப்பதைத் தாண்டினால் பெட்டி பாயை அணைத்துவிடும். இறங்கினால் மறுபடி போடும். இது இல்லாவிட்டால் பாய் தன் இஷ்டத்துக்குச் சூடேறிக்கொண்டே போகும் என்றேன். வயிற்றுக்கடியில் சுடுவது பாம்புக்குச் சட்டென்று உறைக்காது, தோல் வெந்த பிறகும் அங்கேயே படுத்திருக்கும் என்றும் சொன்னேன்.

“இந்தத் துக்கடாவா எனக்குச் சூடு பத்திப் பாடம் எடுக்கப் போவுது?”

“உங்களுக்கில்லப்பா. பாய்க்கு.”

“நான் கைய வெச்சாலே சொல்லிடுவேன். இருபத்தாறு வருஷம் குழாயத் தடவின கை.”

கையை வைத்தார், கண்ணை மூடினார், இருபத்தாறு என்று தீர்ப்புச் சொன்னார். நான், குறிவைத்த இடத்தின் சூட்டைக் காட்டும் வெப்பமானித் துப்பாக்கியை நீட்டி விசையை அழுத்தினேன். முப்பது. அப்பா துப்பாக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்டார்.

ஆனால் அன்றிலிருந்து தினமும் வந்தார். அதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வேலை முடிந்து வந்ததும் சட்டை மாற்றுவதற்கு முன்னால் பெட்டிக்கு முன் குந்துவார். பாம்பு எந்தப் பக்கம் இருக்கிறது, எத்தனை மணிக்கு நகர்ந்தது, சாப்பிட்ட நாளில் எத்தனை மணி நேரம் சூட்டுப் பக்கமே கிடந்தது என்று இயந்திர அறை நோட்டு ஒன்றில் குறித்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இவரும் அந்தப் பக்கம் அதுவும் ஒருவரை ஒருவர் வெறித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் இமைக்க மாட்டார்கள். பாம்புக்கு இமை கிடையாது. அப்பாவுக்கு ஆர்வம்.

அம்மா சமையலறையிலிருந்தே பார்ப்பாள். ஒரு நாள் கூழ் கிண்டிக்கொண்டே சொன்னாள், “இந்த வீட்டுல கால் சில்லுன்னு இல்லாத ஒரே ஆளு, காலே இல்லாத ஆளுதான்.”

அப்பா நோட்டிலிருந்து தலை தூக்கவில்லை.

டிசம்பர் முதல் வாரம் புசானில் பல்கலைக்கழக விவாதப் போட்டி. இரண்டு நாள். கருவி சொல்வதை மனிதன் மீறலாமா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் மீறலாம் என்ற பக்கம் எனக்கு வந்தது. நன்றாகவே பேசினேன். முதல் நாள் நாங்கள்தான் ஜெயித்தோம். மனித அனுபவத்தின் மகத்துவம் பற்றி நான் சொன்ன வரிகளுக்குக் கைதட்டல்கூட வந்தது.

மறுநாள் மதியம் அம்மாவிடமிருந்து போன்.

“தாயோன், அது தண்ணிக் கிண்ணத்துல உக்காந்திருக்கு.”

“எவ்வளவு நேரமா?”

“காலையிலேருந்து. நான் பாக்கல. தரை துடைக்க வந்தப்போ கண்ணுல பட்டுச்சு. குளிக்குதா?”

அது குளிக்கவில்லை. பாம்பு மணிக்கணக்கில் தண்ணீரில் கிடந்தால் அதற்குச் சூடு தாங்கவில்லை என்று அர்த்தம். இரண்டு பக்க வெப்பமானியையும் படிக்கச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து படித்தாள். இடப்பக்கம் முப்பத்தொன்பது, வலப்பக்கம் முப்பத்தைந்து. போய் ஒதுங்க இடமே இல்லை.

பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். பிடுங்கிவிட்டு, இந்த ரஜாயை என்ன செய்வது என்று கேட்டாள்.

“எந்த ரஜாய்?”

அப்போதுதான் மொத்தமும் வெளியே வந்தது. நான் ரயில் ஏறிய அரை மணியில் அப்பா வேலையை ஆரம்பித்திருக்கிறார். மேசைமேல் இருந்தால் சூடு வீணாகிறது என்று பெட்டியைத் தரைக்கு இறக்கியிருக்கிறார், அதுவும் வெந்நீர்க் குழாய் முதலில் நுழையும் மூலையில். வேலைக்குப் போன புருஷனுக்குச் சோறு ஆறாமலிருக்கக் கிண்ணத்தைப் போர்த்தி வைப்பார்களே, அதே மாதிரி மேலே ஒரு ரஜாயைப் போர்த்தியிருக்கிறார். பாய்க்கும் தரைக்கும் நடுவில் காற்று போக இடமில்லை. மேலே போகவும் வழியில்லை. இதெல்லாம் போதாதென்று கம்பி நுனியிலிருந்த சென்சாரைப் பிய்த்து எடுத்து ஜன்னல் விளிம்பில் ஒட்டியிருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெளியே பனி.

அப்பா வேலையில். நான் புசானில். வீட்டில் இருந்தது மூன்று நிபந்தனைகள் போட்ட அம்மா.

“அம்மா, அதை வெளியே எடுக்கணும்.”

 போனில் ஏதோ இழுப்பறை திறக்கும் சத்தம். கிம்ச்சி ஊறுகாய்க்கு மசாலா பிசையும்போது மாட்டிக்கொள்ளும் சிவப்பு ரப்பர் கையுறையைத் தேடியிருக்கிறாள். போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரிமேல் வைத்துவிட்டு, நான் சொல்லச் சொல்லச் செய்தாள். மூடியைத் திற. பயப்படாதே. நடுவில் பிடி. தலையைத் துரத்தாதே. இரண்டு கையாலும் தாங்கு.

“சில்லுன்னு இருக்கும்னு நெனச்சேன்,” என்றாள். குரல் மெலிந்திருந்தது. “வெந்நீர்ப் பை மாதிரி இருக்கு. உயிரோட ஒரு வெந்நீர்ப் பை.”

முட்டைக்கோஸ் ஊறவைக்கும் பெரிய தொட்டியில் ஈரத் துணி போட்டு, கொகுமாவை அதில் விட்டு, மேலே மூங்கில் சல்லடையைக் கவிழ்த்து, அதன்மேல் மசாலா அரைக்கும் கல்லையும் வைத்துவிட்டாள். நான் மேடைக்குப் போக வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அவள் போனை வைக்கவில்லை.

“தாயோன், அந்தக் கம்பி நுனியில கறுப்பா இருக்கே, அது என்ன வேலை செய்யுது?”

“அதுதான் மூக்கு மாதிரி. அது இருக்கிற இடம் எவ்வளவு சூடுன்னு பெட்டிக்குச் சொல்லும்.”

“ஜன்னல்ல வெச்சா?”

“ஜன்னல் குளிர்ச்சியா இருக்குன்னு சொல்லும். பெட்டி, ஐயோ பாம்புக்குக் குளிருதுன்னு நெனச்சு பாயைச் சுடவெச்சுக்கிட்டே இருக்கும்.”

“எண்ணு முப்பதுலதான் இருக்கு. அப்போ எண்ணுக்கு ஒரு மதிப்பும் இல்லியா?”

“எண்ணை யார் வைக்கிறாங்கங்கறது முக்கியமில்லம்மா. மூக்கு எங்க இருக்குங்கறதுதான் முக்கியம்.”

“அப்படியா,” என்றாள் அம்மா. மெதுவாக, ரொம்ப யோசித்து.

இரண்டாம் நாள் நாங்கள் தோற்றோம். கருவியை மீறலாம் என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விசாரணை வைத்தேன். கொகுமாவின் வயிற்றில் இரண்டு செதில்கள் சிவந்திருந்தன. மருத்துவர், இன்னும் அரை நாள் போயிருந்தால் நிலைமை வேறு என்று சொல்லி ஒரு களிம்பு கொடுத்திருந்தார். அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். களிம்பைப் பார்த்தபோது மட்டும் கண் வேறு பக்கம் போனது.

ரஜாய்க்கும் தரைக்கும் அவர் சமாதானம் சொல்லவில்லை. சென்சாரை ஏன் ஜன்னலில் வைத்தீர்கள் என்று கேட்டதும் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. பெரிய குடியிருப்புகளில் அப்படித்தான் செய்வார்களாம். இயந்திர அறையின் சென்சார் கட்டடத்துக்கு வெளியே வடக்குச் சுவரில் இருக்கும். வெளியே பத்து டிகிரி இறங்கினால் உள்ளே போகும் தண்ணீரை இவ்வளவு ஏற்ற வேண்டும் என்று கணக்கு. ஆயிரத்து இருநூற்று நாற்பது வீட்டுக்குள் போய் ஒவ்வொருவரையும் உங்களுக்குக் குளிர்கிறதா என்று கேட்க முடியுமா?

“வெளியில குளிரைப் பாத்து உள்ள சூடு அனுப்பறதுதான் பெரிய முறை. இருபத்தாறு வருஷத்துல யாராவது வெந்து போனாங்களா?”

“அந்த ஆயிரத்து இருநூத்து நாப்பது வீட்லயும் புழுங்கினா ஜன்னலைத் திறப்பாங்கப்பா. கொகுமாவுக்கு ஜன்னலைத் திறக்கக் கை இல்ல.”

  வாழ்நாளில் நான் அப்பாவிடம் ஜெயித்த ஒரே வாதம் இதுதான், அதனால் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆனால் தோற்றாலும் தீர்ப்பை அவரே வாசிக்க வேண்டும். எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். சென்சார் இனிமேல் பெட்டிக்கடியிலேயே, பாம்பு படுக்கும் இடத்திலேயே இருக்கட்டும். எவன் படுக்கிறானோ அவன் பக்கத்தில்தான் சென்சார் இருக்க வேண்டும், அதுதான் விஞ்ஞானம் என்று இதை ஏதோ தாமே கண்டுபிடித்ததுபோல் அறிவித்தார்.

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள். “படுக்கறவங்க பக்கத்துலயா?”

“ஆமா.”

“அதுதான் விஞ்ஞானமா?”

“அதுதான் விஞ்ஞானம், தாயோன் அம்மா.”

அம்மா மறுபடி பட்டாணி உரிக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போனதும் என் அறைக்கு வந்து, அந்தத் துப்பாக்கியைக் கொஞ்சம் கொடு என்றாள். கொகுமாவைப் பார்த்து, இடப்பக்கம் இருக்கியா, இரு, என்று சொல்லிவிட்டுப் போனாள். “அது” என்ற பேச்சு போய்விட்டிருந்தது.

அவள் சுட்டது வீட்டைத்தான். ஒவ்வொரு இடமாக. வரவேற்பறைத் தரை பதினெட்டு. படுக்கையறையில் அவள் மெத்தை விரிக்கும் இடம் பதினேழு. பிறகு சமையலறைச் சுவரில் பாய்லர் பெட்டிக்குக் குறிவைத்தாள்.

இருபத்தேழு.

இன்னொரு தடவை. இருபத்தேழேதான்.

இருவரும் பெட்டியைப் பார்த்தோம். பிறகு பெட்டிக்குக் கீழே பார்த்தோம். கீழே ஒரு தட்டு. தட்டின்மேல் எங்கள் ரைஸ் குக்கர். காலையில் பொங்கிய சோற்றை ராத்திரிவரை சூடாக வைத்திருக்கும் குக்கர். வருஷம் முழுக்க, நாள் முழுக்க, அந்தப் பெட்டியின் மூக்கில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் குக்கர். வீடு இருபதைத் தாண்டி இருபத்தேழு ஆகிவிட்டது என்று நம்பிய பாய்லர், குளிர்காலம் பூராவும் தூங்கியிருக்கிறது.

அந்தத் தட்டை அடித்தது அப்பா. பதினோரு வருஷத்துக்கு முன்னால், அம்மாவின் பிறந்தநாளுக்கு. என் வீட்டுக்காரர் என் உயரத்துக்கு அளவெடுத்து அடித்துக் கொடுத்தார் என்று மாடிப்படியில் பார்த்தவர்களிடமெல்லாம் அவள் சொல்லியிருக்கிறாள்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. சூடு பற்றி எல்லாம் தெரிந்த மனிதர். இது தற்செயல் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று சாயங்காலமே இரண்டாவது விசாரணை, சாட்சியத்தோடு, அளவுகளோடு என்றேன்.

அம்மா துப்பாக்கியை என் கையில் வைத்தாள். “வேணாம்.”

“ஏன் வேணாம்?”

“நீ கேட்டா அவர் பதில் சொல்லுவார். பதில் சொல்லி முடிச்சார்னா அது நியாயமாயிடும். இத்தனை வருஷமா இந்த வீட்டுல சூடு பத்திக் கேட்டதெல்லாம் நான்தான். ஒரு தடவை அவர் வந்து கேக்கட்டும்.”

குக்கரைத் தூக்கிக்கொண்டு போய் பால்கனிக் கதவோரம் வைத்தாள். அவ்வளவுதான் அன்றைக்குச் செய்தது, நான் பார்த்தவரைக்கும்.

செவ்வாய்க்கிழமை வீடு மாறிவிட்டது. தரையில் கால் வைத்தால் பாதம் திரும்பி வர மறுத்தது. அம்மா ஒரு ஜோடிக் காலுறையைக் கழற்றினாள், புதன்கிழமை இன்னொன்றை. இவ்வளவு வெள்ளையான பாதம் அவளுக்கு இருந்தது எனக்குத் தெரியாது.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலைத் தரையில் வைத்ததும் நின்றார். திருகியைப் போய்ப் பார்த்தார். இருபது. கீழே பார்த்தார். தட்டு காலி. திரும்பி பால்கனிப் பக்கம் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இங்கேதான் அவர் நிலைமையைக் கவனிக்க வேண்டும். குக்கரை ஏன் நகர்த்தினாய் என்று அவர் கேட்கலாம். கேட்டால், அது எங்கே இருந்தால் உங்களுக்கென்ன என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதினோரு வருஷ நீளத்தில் ஒரு பதில் இருக்கிறது.

அதனால் அவர் அழகுணர்ச்சியில் இறங்கினார். வியாழக்கிழமை, தட்டு வெறுமையாக இருப்பது கண்ணுக்கு நன்றாக இல்லை என்றார். அம்மா ஒரு சின்னப் பூச்சாடியை வைத்தாள். வெள்ளிக்கிழமை, பால்கனி ஓரத்துக் குளிரில் சோறு விறைத்துப் போகிறது என்றார். கேட்டுக்கொண்டே அந்தச் சோற்றை மூன்று தடவை போட்டுக்கொண்டார். சனிக்கிழமை, மின்கம்பி எட்டாமல் இழுபடுகிறது, பாதுகாப்பில்லை என்றார்.

“சரிங்க, நீங்களே தூக்கிப் பழைய இடத்துல வெச்சிடுங்க,” என்றாள் அம்மா.

இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போய்த் தட்டில் வைத்தார். நேராக்கினார். மூடியைத் தட்டிக் கொடுத்தார். அன்று முழுக்க அவர் வாயில் ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தரை இன்னும் சூடாக இருந்தது.

அப்பா பாட்டை நிறுத்தினார். திருகியைப் பதினெட்டுக்குத் திருப்பினார். திங்கள் காலை அதே சூடு. பதினாறு. அதே சூடு. செவ்வாய்க்கிழமை அதைக் கடைசிவரை திருப்பி, அதற்கப்பால் எண்ணே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனார். அம்மா அன்று அரைக்கை மேலங்கியையும் கழற்றிவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவருக்குக் கோபம் போய்விட்டது என்றே சொல்ல வேண்டும். ஆர்வம் பிடித்துக்கொண்டது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு பழுதை அவர் கண்டதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் தலையை நுழைத்து, குழாய்கள் பிரியும் இடத்தில் ஒவ்வொரு வால்வாகத் தடவினார். திருப்புளியின் நுனியைக் குழாயிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டார். என்னிடம் துப்பாக்கியைக் கடன் வாங்கினார், இது எந்த நாட்டுச் சரக்கு என்று இந்தத் தடவை கேட்கவில்லை. வீட்டின் வரைபடத்தை நோட்டில் போட்டு இடத்துக்கு இடம் சூடு குறித்தார். கொகுமாவுக்கு வைத்த அதே நோட்டு, அடுத்த பக்கம்.

கீழ் வீட்டுக்காரர்கள்மேல் ஒரு சந்தேகம் வந்தது. அவர்கள் கண்டபடி பாய்லரை எரிக்கிறார்கள், அந்தச் சூடு நம் தரைக்கு ஏறுகிறது என்று ஒரு கொள்கை உருவானது. ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தைத் தூக்கிக்கொண்டு போய், உட்கார்ந்து தேநீர் குடித்து, பேச்சோடு பேச்சாகத் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் என்னிடம் ரகசியக் குரலில் சொன்னார், “அங்க நம்மளவிடக் குளிர். அந்தப் பொம்பள இனிமே சாயங்காலம் இங்க வந்து உக்காரலாமான்னு கேக்குது.”

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. நான் தெர்மோஸ்டாட் பற்றி அம்மாவுக்கே பாடம் எடுத்தவள். குக்கர் பழைய இடத்தில், திருகி கடைசி எண்ணுக்கும் கீழே, தரை மட்டும் இருபத்தொன்பது. அம்மாவிடம் கேட்டேன். அவர் கேட்டாரா என்று திருப்பிக் கேட்டாள். இல்லை என்றேன். பின்னலில் கண்ணி எண்ணத் தொடங்கிவிட்டாள்.

குக்கர் நகர்ந்த பதினேழாம் நாள், புதன்கிழமை, காலைச் சாப்பாடு. சோயா விழுதுச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா நோட்டோடு வந்து உட்கார்ந்தார். கரண்டியைத் தொடவில்லை. நோட்டை விரித்துச் சாற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“தாயோன் அம்மா.”

“சொல்லுங்க.”

“அந்தத் தட்டை நான்தான் அடிச்சேன்.”

“தெரியும். என் பிறந்தநாளுக்கு.”

“பிறந்தநாளுக்குத்தான். ஆனா…” அப்பா என்னைப் பார்த்தார். நான் என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயைத் திறக்கவில்லை. “குக்கர் சூடு பெட்டியில பட்டா பாய்லர் அடிக்கடி நின்னுடும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அந்த உயரத்துல அடிச்சேன்.”

அம்மா அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.  பதினோரு குளிர்காலம் என்று நான் சொல்ல நினைத்தேன், அது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. அப்பாவும் அதைப் படித்திருக்க வேண்டும். களிம்பைப் பார்த்த அன்று வேறு பக்கம் போன கண், இன்று போகவில்லை.

“உனக்குக் குளிருச்சா?” என்று கேட்டார்.

“குளிருச்சு.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

அவர் தலையை ஆட்டினார். நோட்டில் அதைக் குறித்துக்கொள்ளப் போகிறாரோ என்று ஒரு கணம் பயந்தேன். குறிக்கவில்லை. பிறகு, இத்தனை நாளாக அடக்கி வைத்தது தானாக வெளியே வந்தது.

“சரி, இப்ப எனக்குச் சொல்லு. குக்கர் அங்கதான் இருக்கு. பெட்டி சூடாத்தான் இருக்கு. நான் அளந்துட்டேன். திருகியக் கடைசிவரைக்கும் திருப்பிட்டேன். பாய்லர் ஏன் நிக்க மாட்டேங்குது? எங்கேருந்து அது கேக்குது?”

அம்மா சொன்னாள். அவசரமே இல்லாமல் சொன்னாள். பெட்டிக்குப் பின்னால் இருப்பது இரண்டே இரண்டு கம்பி. குக்கரை நகர்த்திய அன்றே, நான் வகுப்புக்குப் போன பிறகு, பாய்லரை அணைத்துவிட்டு அவற்றைக் கழற்றியிருக்கிறாள். புதுக் கம்பியோடு சேர்த்து, தரைவிரிப்பின் ஓரத்துக்கடியில் ஓட்டி, படுக்கையறைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அங்கே அவள் தலைமாட்டுச் சுவரில், முழங்கால் உயரத்தில், புதிதாக ஒரு சின்னப் பெட்டி. கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியாது, தரையில் படுத்தவருக்குத்தான் தெரியும். ராத்திரியில் அதை இருபத்து நாலில் வைப்பாளாம், பகலில் இருபத்து மூன்று.

அப்பா எழுந்து போனார். படுக்கையறைத் தரையில் அவர் முழங்கால் படும் சத்தம் கேட்டது. பிறகு புதுப் பெட்டியின் மூடியைக் கழற்றும் சத்தம். திரும்பி வந்தபோது முகத்தில் கோபம் இல்லை. ஒரு நல்ல வேலையைப் பார்த்த, வேலை தெரிந்தவனின் முகம் அது.

“கம்பிச் சேர்ப்பு சுத்தமா இருக்கு. யாரைக் கூட்டிட்டு வந்து செஞ்சே?”

“நான்தான் செஞ்சேன். கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க எதைக் கழட்டினாலும் பக்கத்துல டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னவ நான்.”

அப்பா உட்கார்ந்தார். சுவரிலிருந்த பழைய பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். கடைசி எண்ணையும் தாண்டித் திரும்பியிருந்த திருகியைப் பார்த்தார்.

“அப்போ இந்தப் பத்து நாளா நான் திருப்பிக்கிட்டிருந்தது?”

அம்மா சாற்றை அவர் கிண்ணத்தில் ஊற்றினாள்.

“அது எதுலயும் சேரலீங்க. உங்களுக்குத் திருப்ப ஏதாவது வேணுமேன்னுதான் சுவத்துலயே விட்டு வெச்சேன்.”